டொரண்டோவில் அக்டோபர் வார இறுதி: கோபுரங்களை விடுங்கள், பள்ளத்தாக்குக்குள் இறங்குங்கள்

டொரண்டோவுக்குப் புதிதாக வந்தவர்கள் அக்டோபர் பிறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இலை பார்க்க எங்கே போகலாம்?" என்பதுதான். உடனே யாராவது அல்காங்குவின் பூங்கா என்று சொல்வார்கள். கார் இருக்கிறதா, போக வர ஆறு மணி நேரம் ஓட்ட முடியுமா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். அல்காங்குவின் அழகுதான், மறுப்பில்லை. ஆனால் அங்கே மேப்பிள் மரங்கள் செப்டம்பர் கடைசியிலேயே சிவக்கத் தொடங்கி, அக்டோபர் நடுவில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நல்ல வார இறுதிகளில் அன்றைய நுழைவு அனுமதியும் முன்பே தீர்ந்துவிடும்.

காரும் முன்பதிவும் இல்லாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நகரத்துக்குள்ளேயே, சப்வே பயணச் செலவில், இரண்டு நாள்.

முதலில் ஒன்று. டொரண்டோவின் இலையுதிர் காலம் கோபுரங்களுக்கு நடுவில் இல்லை, கீழே இருக்கிறது. நகரம் முழுக்க ஆறுகளும் ஓடைகளும் அரித்த பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன. இங்கே எல்லோரும் ரவீன் என்று சொல்வார்கள். நகரப் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் இவைதான். இவ்வளவு விலையுள்ள நிலத்தில் எப்படி யாரும் கட்டடம் கட்டாமல் விட்டார்கள்? 1954 அக்டோபர் 15 அன்று ஹேசல் என்ற புயல் இங்கே அடித்தது. ஒரே இரவில் ஹம்பர் ஆறு பொங்கி, ரேமோர் டிரைவ் என்ற ஒரு தெருவில் மட்டும் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்டாரியோவில் மொத்தம் 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளம் வரக்கூடிய தாழ்நிலங்களில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கினார்கள். இன்று நாம் நடக்கும் மரநிழல் பாதைகளில் பல அப்படி வந்தவைதான்.

இரண்டாவது செய்தி இன்னும் எளிது. சப்வே வரைபடத்தில் பச்சை நிறத்தில் மேற்கே கிப்ளிங்கிலிருந்து கிழக்கே கென்னடி வரை ஓடும் இரண்டாம் லைனை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி அதை ஒட்டியே இருக்கிறது.

எந்த வாரம் போவது

நகரத்துக்குள் இலை நிறம் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள். வெயில் அடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் மாறி மாறி வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். மேகமூட்டமும் மழையுமாக இருந்தால் மஞ்சளோடு நின்றுவிடும். ஒரு பெருங்காற்று போதும், எல்லாம் தரைக்கு வந்துவிடும். ஆகவே திங்கட்கிழமையே திட்டம் போட்டாலும் வியாழக்கிழமை ஒருமுறை வானிலை பாருங்கள்.

அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் இலை பாதிதான் மாறியிருக்கும். ஆனால் ஆற்றில் சால்மன் மீன் ஏறுவதைப் பார்க்கலாம் (கீழே விரிவாகச் சொல்கிறேன்), ஏரியில் எதிரே இருக்கும் டொரண்டோ தீவுக்குப் படகும் முழுமையாக ஓடும். இலைதான் முக்கியம் என்றால் அதற்கு அடுத்த வாரம் போங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அக்டோபர் மூன்றாவது ஞாயிறு வாட்டர்ஃபிரன்ட் மாரத்தான் நடக்கும். அன்று காலை டவுன்டவுன் சாலைகள் பல மூடியிருக்கும், ஸ்ட்ரீட்கார்கள் (தெருவில் ஓடும் டிராம் வண்டிகள்) வழி மாறும். சப்வேயில் போகிறவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை.

அக்டோபர் முதல் வாரம் வந்திருக்கும் இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நுவி பிளான்ஷ் என்று ஒரு கலை இரவு, பெரும்பாலும் அந்த வாரச் சனிக்கிழமை, மாலை 7 மணியிலிருந்து விடியும் வரை. தெருவெங்கும் கலைப்பொருட்கள், கட்டணம் இல்லை. விடிய விடியச் சுற்றிவிட்டு மறுநாள் காலை மலையேற்றம் எல்லாம் திட்டமிடாதீர்கள்.

கார்டு, நேரம், உடை

டிடிசி, அதாவது நகரப் பொதுப் போக்குவரத்தில், பயணத்துக்குத் தனிக் கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. டெபிட் அல்லது கிரெடிட் கார்டைத் தட்டினாலே போதும். பெரியவர்களுக்கு 3.30 டாலர். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரம் செல்லும். நடுவில் இறங்கி வேலையை முடித்துவிட்டு, எந்தத் திசையிலும் திரும்ப ஏறலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கார்டையே தட்டுங்கள். போனில் ஒருமுறை, பிளாஸ்டிக் கார்டில் ஒருமுறை என்று தட்டினால் இரண்டு பயணமாகக் கணக்காகிவிடும்.

புதியவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இது: வார இறுதிகளில் சப்வேயின் ஏதாவது ஒரு பகுதியைப் பராமரிப்புக்காக மூடுவது இங்கே சாதாரணம். அங்கே மட்டும் மாற்றுப் பேருந்து ஓடும், அதற்கு நேரம் பிடிக்கும். வெள்ளிக்கிழமை இரவே டிடிசி தளத்தில் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலே காலை 8 மணி வாக்கில்தான்.

உடை பற்றி. அக்டோபரில் பகல் வெப்பநிலை சராசரியாக 14 டிகிரி, இரவில் 7 வரை இறங்கும். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஏரிக்கரையில் காற்று அடித்தால் அதே 14 வேறு மாதிரி இருக்கும். குளிர்கால கோட்டு இப்போதே வேண்டாம். டி-ஷர்ட், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போட்டால், வேண்டியபோது கழற்றலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் குல்லாவும் சாக்ஸும் கட்டாயம். "எனக்கு ஒண்ணும் குளிரலை" என்றுதான் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

செருப்பு வேண்டாம். பள்ளத்தாக்குப் பாதைகளில் ஈர இலை வழுக்கும்.

சனிக்கிழமை காலை: பிரிக் வொர்க்ஸ்

டான் பள்ளத்தாக்கில் எவர்கிரீன் பிரிக் வொர்க்ஸ் என்று ஓர் இடம். 1889-இல் தொடங்கி 1984 வரை இங்கே செங்கல் சுட்டார்கள். பழைய டொரண்டோவின் பல பெரிய கட்டடங்கள் இந்த மண்ணில் பிறந்தவை, மாஸி ஹாலும் காசா லோமாவும் உட்பட. மண் எடுத்த குழிகளில் இன்று குளங்களும் நாணலும். சூளைக் கட்டடங்களில் சனிக்கிழமை காலை உழவர் சந்தை. மதியம் 1 மணிக்கு மூட்டை கட்டிவிடுவார்கள், அதனால் 10 மணிக்குள் போய்விடுவது நல்லது.

மஞ்சள் நிற முதலாம் லைனில் இருக்கும் டேவிஸ்வில் ஸ்டேஷனிலிருந்து 28-ஆம் எண் பேருந்து நேராக வாசலில் விடும்.

சந்தையில் என்ன வாங்கலாம்? ஆப்பிள்தான். மெக்கின்டாஷ் என்ற வகை 200 ஆண்டுகளுக்கு முன் இதே ஒன்டாரியோ மாகாணத்தின் கிழக்கில் கண்டெடுத்த மரத்திலிருந்து வந்தது. புளிப்பும் மணமும் அதிகம், கடித்தால் கொஞ்சம் மாவு போல இருக்கும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ஹனிகிரிஸ்ப் கேளுங்கள், விலை கூடுதல். சூடான ஆப்பிள் சைடர் விற்பார்கள். இது வடிகட்டாத ஆப்பிள் சாறு, குழந்தைகளும் குடிக்கலாம். ஹார்ட் சைடர் என்று போட்டிருந்தால்தான் மது.

பூசணிக்காய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசலில் செதுக்கி வைக்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணியை வாங்கிக் கூட்டு செய்யாதீர்கள். தண்ணீரும் நாருமாக இருக்கும், ருசி கிடையாது. தலை அளவுக்குச் சிறிதாக, பை பம்ப்கின் என்று விற்பதுதான் சமையலுக்கு. சாம்பாருக்கு நம்ம ஊர்ப் பரங்கிக்காய் போலவே இருக்கும். ஹாலோவீன் முடிந்த மறுநாள் இதையே பல கடைகளில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

சந்தையை முடித்துவிட்டு பின்பக்கக் குளங்களைச் சுற்றுங்கள். வடக்குச் சரிவில் தெரியும் மண் அடுக்குகளைச் சாதாரணமாகக் கடந்துவிட வேண்டாம். இரண்டு பனியுகங்களுக்கு இடைப்பட்ட ஒரு வெதுவெதுப்பான காலத்தின் எச்சங்களை ஏ. பி. கோல்மன் என்ற புவியியலாளர் இங்கேதான் படித்தார். சுமார் ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள், பிரம்மாண்ட பீவர் எலும்பு எல்லாம் இந்தச் செங்கல் மண்ணிலிருந்து கிடைத்தன. மேலே ஏறிப் பார்த்தால் குளம், மரங்கள், அதற்குப் பின்னால் டவுன்டவுன் கோபுரங்கள். எல்லோரும் படம் எடுக்கும் இடம் அதுதான்.

திரும்ப அதே பேருந்தைப் பிடிக்காதீர்கள். மில்க்மன்ஸ் லேன் என்ற மண்பாதை காட்டுக்குள் ஏறி, ரோஸ்டேல் பகுதியின் மாளிகைத் தெருக்களில் கொண்டுவிடும். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் பேருந்திலேயே போகட்டும். மேலே ஏறிய பிறகு ரோஸ்டேல் ஸ்டேஷன் வரை நிதானமாக நடக்கலாம். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹாலோவீன் எலும்புக்கூடுகள் தொங்கும். சில வீடுகளின் அலங்காரச் செலவில் நம் ஒரு மாத வாடகையைக் கட்டிவிடலாம்.

மதியமும் மாலையும்

மதியச் சாப்பாட்டுக்கு கென்சிங்டன் மார்க்கெட். ஸ்பாடைனா சைனாடவுனை ஒட்டிய பழைய தெருக்கள், யூதக் குடும்பங்களின் சந்தையாகத் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக் குடியேறிகளின் கையிலும் மாறி மாறி வந்தது. மேசை பிடித்து உட்கார்ந்து சாப்பிடுகிற இடமாக நினைக்காமல், கையில் வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுங்கள். மே முதல் அக்டோபர் வரை மாதத்தின் கடைசி ஞாயிறு இங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், தெருவெல்லாம் பாட்டும் கூத்துமாக இருக்கும். உங்கள் வார இறுதி அதில் விழுந்தால் சனி, ஞாயிறு திட்டங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையில் எழுதியிருக்கும் விலையோடு 13 சதவீத வரி சேரும். உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸும் உண்டு. 20 டாலர் என்று நினைத்து உட்கார்ந்தால் 26-க்கு எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் மாலை. சிஎன் டவர் ஏற வேண்டுமா என்று கேட்பீர்கள். 553 மீட்டர், 1976-இல் திறந்தது, ஏறினால் நகரம் முழுக்கத் தெரியும், டவரைத் தவிர. டிக்கெட்டும் மலிவில்லை. டவரோடு சேர்த்து நகரத்தைப் பார்க்க ரிவர்டேல் பார்க் ஈஸ்ட் என்ற புல்சரிவுக்குப் போங்கள். பிராட்வியூ ஸ்டேஷனில் இறங்கித் தெற்கே கால் மணி நேர நடை, அல்லது ஸ்ட்ரீட்காரில் சில நிறுத்தங்கள். சரிவில் உட்கார்ந்தால் கீழே டான் பள்ளத்தாக்கு, எதிரே கோபுரங்கள், அவற்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். கட்டணம் ஒன்றுமில்லை. அக்டோபர் நடுவில் சூரிய அஸ்தமனம் 6:35 அளவில். அரை மணி நேரம் முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள். தரை ஈரமாக இருக்கும், விரிக்க ஏதாவது கொண்டுபோங்கள்.

பிராட்வியூவுக்குச் சப்வேயில் வரும்போது ஒரு காட்சி இலவசமாகக் கிடைக்கும். காசில் ஃபிராங்க் ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து, டான் பள்ளத்தாக்கை உயரமான பாலத்தில் கடக்கும். பிரின்ஸ் எட்வர்ட் வயடக்ட். 1918-இல் கட்டி முடித்தபோதே, என்றாவது ரயில் ஓடும் என்று சாலைக்குக் கீழே ஒரு தளத்தை விட்டுவைத்தார்கள். ரயில் வந்தது 1966-இல். 48 வருடம் காலியாகக் காத்திருந்த தளம் அது. அரை நிமிடம்தான், போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புங்கள். பலர் தினமும் இதே வழியில் போகிறார்கள், நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஞாயிறு காலை: மீன் ஏறும் ஆறு

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் வந்திருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். மேற்கே ஓல்டு மில் ஸ்டேஷனில் இறங்கிக் கீழே நடந்தால் ஹம்பர் ஆறும் 1916-இல் கட்டிய கல்பாலமும் வரும். ஆற்றை ஒட்டிய பாதையில் வடக்கே போனால் நீரோட்டத்தின் குறுக்கே சிறு சிறு தடுப்பணைகள். அங்கே கரையில் கூட்டம் நிற்கும். எதற்கு நிற்கிறார்கள் என்று முதலில் புரியாது. கொஞ்ச நேரம் பொறுங்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு சால்மன் எகிறும். பெரும்பாலும் தடுப்பில் மோதி விழும். மறுபடி எகிறும். எப்போதாவது ஒன்று தாண்டிவிட்டால் கரையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள்.

சினூக் சால்மன் என்ற இந்த வகை இந்த ஊர் மீனே அல்ல, பசிபிக் கடலுடையது. ஒன்டாரியோ ஏரியின் சொந்தச் சால்மன் 19-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. ஆலை அணைகள், காடழிப்பு, அளவில்லாத மீன்பிடிப்பு. 1960களின் பிற்பகுதியிலிருந்து பெரிய ஏரிகளில் கொண்டுவந்துவிட்ட பசிபிக் மீன்களின் வழிவந்தவைதான் இவை. ஏரியில் சில வருடம் வளர்ந்து, முட்டையிட ஆறு ஏறி, முட்டையிட்டதும் இறந்துவிடும். கரையோரம் செத்த மீன் நாற்றம் அடித்தால் முகம் சுளிக்க வேண்டாம், அது இயற்கையான முடிவுதான். மழை பெய்த மறுநாள் தண்ணீர் உயர்ந்திருக்கும்போது மீன் அதிகம் ஏறும். தண்ணீரில் இறங்காதீர்கள், மீனைத் தொடாதீர்கள். "பிடித்துக் குழம்பு வைக்கலாமே" என்று யாருக்கும் தோன்றாமல் இருக்காது. உரிமமும் பருவ விதிகளும் இல்லாமல் மீன் பிடித்தால் அபராதம்.

அங்கிருந்து கிழக்கே மூன்றாவது ஸ்டேஷன் ஹை பார்க். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் அதே கட்டணத்திலேயே போய்விடலாம். 161 ஹெக்டேர் பூங்கா. வார இறுதிகளில் உள்ளே கார் விடுவதில்லை, சைக்கிள் பழகும் குழந்தைகளோடு வருபவர்களுக்கு நிம்மதி. இங்கே கருவாலி மரங்கள், அதாவது ஓக், அதிகம். மேப்பிள் போலச் செக்கச்சிவப்பு எதிர்பார்க்காதீர்கள், துருவும் செம்பும் கலந்த நிறம். மேப்பிள் உதிர்ந்த பின்னும் இது நிற்கும் என்பதால், தாமதமாக வந்தவர்களுக்கு ஹை பார்க்தான் கைகொடுக்கும். உள்ளே சிறிய மிருகக்காட்சி சாலை உண்டு, கட்டணம் இல்லை. 2016-இல் இங்கிருந்து இரண்டு கேப்பிபாராக்கள் தப்பி ஓடி, வாரக்கணக்கில் பூங்காவுக்குள்ளேயே ஒளிந்து நகரம் முழுக்கப் பேச்சாகிவிட்டன.

கழிப்பறை விஷயம். அக்டோபர் நடுவுக்குப் பிறகு பூங்காக் கழிப்பறைகள் பலவற்றைக் குளிர்காலத்துக்காகப் பூட்டிவிடுவார்கள். எல்லாச் சப்வே ஸ்டேஷன்களிலும் கழிப்பறை கிடையாது. கிப்ளிங், கென்னடி போன்ற முனைகளில் உண்டு. காபிக் கடையைத் தாண்டும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே குடியிருப்பவர்களுக்கு

ஸ்கார்பரோவில் வீடு என்றால் ஞாயிறன்று நகரம் முழுக்கக் கடந்து மேற்கே போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. கென்னடி ஸ்டேஷனிலிருந்து 86-ஆம் எண் பேருந்து, டான் மில்ஸ் ஸ்டேஷனிலிருந்து 85. ஆனால் எல்லா வண்டியும் பூங்காவை ஒட்டிய டொரண்டோ மிருகக்காட்சி சாலை வரை போகாது. முகப்பில் ஜூ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து விஸ்டா டிரெயில் தொடங்கும், ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு. நடுவில் ஒரு மரத்தளம், அதில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்க நிறம். இன்னும் நடக்கத் தெம்பு இருந்தால் மாஸ்ட் டிரெயில். பாய்மரக் கப்பல்களின் கம்பத்துக்கு இங்கிருந்துதான் பைன் மரம் வெட்டிக்கொண்டுபோனார்கள்.

உண்ணி உண்டு, குளிர்ந்த பிறகும் அலையும். நீளமான பேன்ட் போட்டு, சாக்ஸை மேலே இழுத்துவிட்டு, பாதையைவிட்டு விலகாமல் நடங்கள். வீட்டுக்கு வந்ததும் கால், முட்டிக்குப் பின்புறம், குழந்தைகளின் தலை எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்று மூன்றாக இலை விடும், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஐவி இந்தப் பருவத்தில் அழகாகச் சிவந்திருக்கும். இலை பொறுக்கும் குழந்தைகள் அதைத்தான் முதலில் பறிக்கப் போவார்கள்.

நடந்து களைத்தவர்களுக்கு மார்க்கம் ரோடு, எல்லெஸ்மியர் பக்கம் ஈழத்தமிழர் டேக்-அவுட் கடைகள் நிறைய. கொத்து ரொட்டி, மட்டன் ரோல்ஸ், இடியப்பமும் சம்பலும் சொதியும். இடியப்பத்தை எண்ணிக்கை சொல்லி வாங்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நம் காரமும் அவர்கள் உறைப்பும் ஒன்றல்ல. "உறைப்புக் குறைச்சு" என்று சொல்லிவிடுங்கள். ஒரு கொத்து இரண்டு பேருக்குத் தாராளமாக வரும்.

தீவுக்குப் போக நினைத்தால்

பே தெருவின் தெற்கு முனையில் படகுத்துறை. போக வரச் சேர்த்து ஒரே டிக்கெட். தேங்க்ஸ்கிவிங் வாக்கில் கோடைகால அட்டவணை முடிந்ததும் வார்ட்ஸ் தீவுக்கு மட்டும்தான் படகு ஓடும். அதுவே போதும். கார் இல்லாத தெருக்கள், சிறு வீடுகள், கரையோரம் நடந்தால் நகரம் முழுக்க எதிரில். தீவே 1858 வரை தனியாக இல்லை, கரையோடு ஒட்டிய மணல்மேடாக இருந்தது. அந்த ஆண்டு வந்த புயல்தான் வெட்டிப் பிரித்தது. காற்று பலமாக அடிக்கும். நவம்பரில் போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

மழை பெய்தால்

டவுன்டவுன் கட்டடங்களை இணைக்கும் பாத் என்ற சுரங்க நடைபாதையைப் பற்றி யாராவது சொல்வார்கள். அது அலுவலகக்காரர்களுக்கானது. வார இறுதியில் பாதிக் கடைகள் மூடி, வெறிச்சோடிக் கிடக்கும். அதைவிட யங்-புளோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ரெஃபரன்ஸ் நூலகம் மேல். 1977-இல் ரேமண்ட் மோரியாமா வடிவமைத்தது, நடுவில் வெட்டவெளியாக மேல்மாடி வரை திறந்திருக்கும். நூலக அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். நகரத்தின் கிளை நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களும் கிடைக்கும், அட்டையை வைத்து அருங்காட்சியக இலவச அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். ஒன்டாரியோ கலைக்கூடம் 25 வயது வரை இலவசம், மாணவர்கள் தவறவிட வேண்டாம். புதிதாக நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்கள் கானூ என்ற செயலியில் பதிந்துகொண்டால், பல அருங்காட்சியகங்களுக்கும் பூங்காக்களுக்கும் கட்டணமின்றிப் போகலாம்.

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மேலே சொன்ன மாலை நேரங்கள் எதுவும் அப்போது பொருந்தாது, எல்லாவற்றையும் மதியத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள். தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில் போகிறவர்கள் ஞாயிறு மாலையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை பெரிய மளிகைக் கடைகள் பெரும்பாலும் திறக்காது.